பாதுகாப்புக் கையேடு எழுத ஆள் கேட்கிறார்கள்: நிபுணர் அல்லாத நான் எழுதலாமா?

கருந்திரை (கேள்வி)

வணக்கம். எட்டு வருடமாக லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இத்தனை வருடமும் முகம் தெரியாத யாரோ எழுதி வைத்ததைப் படித்துத்தான் ஒவ்வொரு சிக்கலையும் தாண்டி வந்திருக்கிறேன், திருப்பி ஒன்றும் செய்ததில்லை என்பது ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. இப்போது நான் பயன்படுத்தும் கட்டற்ற இயங்குதளத்தின் ஆவணக் குழு, பாதுகாப்புக் கையேட்டைப் புதுப்பிக்கத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று அறிவித்திருக்கிறது. எந்த இயங்குதளம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. கீழே எழுதப்போவது குறை சொல்வதுபோல ஆகிவிடும். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை அங்கே நாலைந்து பேர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கையேட்டை முழுவதும் படித்தேன். சில அத்தியாயங்கள் அருமை. சிலவற்றில் இன்னும் எஸ்எஸ்எச்சுக்கு (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) டிஎஸ்ஏ என்ற பழைய வகைச் சாவியை உருவாக்கச் சொல்கிறார்கள். ஃபயர்வால் பகுதி முழுக்க பழைய ஐபிடேபிள்ஸ் கமாண்டுகள். வெளி ரெப்போவின் (மென்பொருள் களஞ்சியத்தின்) சாவியை ஆப்ட்-கீ என்ற பழைய கமாண்டை வைத்துச் சேர்க்கச் சொல்கிறது. 90 நாளுக்கு ஒரு முறை கடவுச்சொல்லைக் கட்டாயமாக மாற்ற வையுங்கள் என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது.

இதெல்லாம் பழசு என்பது எனக்கே தெரிகிறது, ஆனால் அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் பாதுகாப்புத் துறை ஆள் இல்லை. டெக்ஸ்ட் எடிட்டரைப் பற்றித் தப்பாக எழுதினால் யாருக்கோ அரை மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான். பாதுகாப்பைப் பற்றித் தப்பாக எழுதினால் யாருடைய சர்வரோ திறந்து கிடக்கும், அது அவருக்கே தெரியாது. இந்தப் பயம்தான் கையைக் கட்டிப்போடுகிறது. என்னைப் போன்றவர்கள் எழுதலாமா? எழுதினால் எங்கே தொடங்குவது? அப்புறம், இன்னும் வெளியே வராத ஓட்டைகளைப் பற்றிய தகவல் கைக்கு வந்து அதை ரகசியமாக வைத்திருக்க வேண்டிய நிலை ஏதும் வருமா?

நெடுநாள்வாசி

எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன். வேறொரு இயங்குதளத்தின் ஆவணக் குழுவில் பல வருடமாக இருக்கிறேன், எங்களிடம் நிபுணர்கள் இருக்கிறார்கள், இல்லாதது என்னவென்றால் எழுதி வைத்த ஒவ்வொரு வரியையும் புதிதாக நிறுவிய ஒரு மெஷினில் அப்படியே தட்டிப் பார்த்து என்ன நடந்தது என்று சொல்லும் ஆள். நிபுணர்கள் அதைச் செய்வதில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை, அந்தக் கமாண்ட் என்ன செய்யும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் கண் தானாகவே அந்த வரியைத் தாண்டிப் போய்விடும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்கிறேன். தொலைவில் இருந்த ஒரு சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, ஒரு கையேட்டைப் பார்த்து ஃபயர்வால் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வரும் எல்லாவற்றையும் தடு என்பது அடிப்படைக் கொள்கை, அதன் மேல் எஸ்எஸ்எச்சுக்கு மட்டும் அனுமதி விதி. வேலை செய்தது. அப்புறம் ஒரு விதியைத் தப்பாகச் சேர்த்துவிட்டேன். 'தவறு நேர்ந்தால் இந்தக் கமாண்டைக் கொடுத்து எல்லா விதிகளையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்' என்று கையேட்டில் இருந்தது, கொடுத்தேன். திரை உறைந்துபோனது. அந்தக் கமாண்ட் விதிகளை மட்டும்தான் அழிக்கும், அடிப்படைக் கொள்கையைத் தொடாது. அனுமதி விதி போய்விட்டது, தடை மட்டும் அப்படியே நின்றது. எழுதியவர் தன் மேஜையில் இருந்த மெஷினில் சோதித்திருப்பார், அங்கே இது தெரியவே தெரியாது. சர்வரைத் திரும்பப் பிடிக்க ஒரு நாள் ஆனது. மறுநாள் நான் அனுப்பிய முதல் திருத்தம் இரண்டே வரி: அழிப்பதற்கு முன் அடிப்படைக் கொள்கையை அனுமதி என்று மாற்றுங்கள், தொலைவிலிருந்து செய்கிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் முதலில் செய்யுங்கள். அதை எழுத எனக்குக் குறியாக்கவியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கையேட்டின் டிஎஸ்ஏ விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பழைய வரி ஒன்று எப்படிக் கெடுதல் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. எஸ்எஸ்எச்சுக்குப் பெரும்பாலோர் பயன்படுத்தும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச், 2015-இல் 7.0 பதிப்பிலேயே டிஎஸ்ஏ சாவிகளை இயல்பாக ஏற்பதை நிறுத்திவிட்டது. 2025-இல் வந்த 10.0-இல் அந்த நிரல் பகுதியையே எடுத்துவிட்டார்கள். இதற்கு இடைப்பட்ட ஏதோ ஒரு பதிப்பை வைத்திருக்கும் புதியவர் கையேட்டைப் பார்த்து டிஎஸ்ஏ சாவி உருவாக்குகிறார், சர்வர் அதை ஏற்கவில்லை. அவர் என்ன செய்வார்? கையேடு தப்பு என்று நினைக்க மாட்டார், அதிகாரபூர்வமான கையேடாயிற்றே. பிழைச் செய்தியைத் தேடுவார், எங்கோ ஒருவர் 'இந்த வரியைச் சேர்த்தால் பழைய சாவி வேலை செய்யும்' என்று எழுதியிருப்பார், அதைச் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். ஒன்றுமே படிக்காமல் நிறுவியதை நிறுவியபடி விட்டிருந்தால் அவர் இதைவிடப் பாதுகாப்பாக இருந்திருப்பார்.

எனவே தொடங்க வேண்டிய இடம் புதிய அத்தியாயம் இல்லை, இருப்பதில் ஒன்றை எடுத்துச் சோதிப்பதுதான். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் எந்தப் பதிப்பில், எந்த மாதம் சோதித்தது என்று எழுதுங்கள். எடுத்துப்போட வேண்டியதைத் தயங்காமல் எடுங்கள், என் பங்களிப்பில் பாதிக்கு மேல் நீக்கியதுதான். ஆனால் பக்கத்தை ஒரேயடியாகக் காணாமல் போகச் செய்யாதீர்கள், தேடுபொறிகள் பழைய முகவரிக்கே ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும், அங்கே ஒரு சின்னக் குறிப்பும் புதிய பக்கத்துக்கு இணைப்பும் இருக்கட்டும்.

90 நாள் பக்கத்தை எடுக்கும்போது ஏன் எடுக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது திரும்பக் கொண்டுவருவார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கால இடைவெளி வைத்துக் கடவுச்சொல்லை மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம், கசிந்ததற்குச் சான்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை ஒன்று கூட்டிவிட்டுப் போவார்கள்.

தாழ்ப்பாள்

ஒரு டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பில்) பேக்கேஜ் பராமரிப்பவன் நான், பாதுகாப்புக் குழுவோடு அடிக்கடி வேலை செய்ய வேண்டிவரும். ரகசியம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வந்தேன், கொஞ்சம் நீண்டுவிட்டது.

கவலையே வேண்டாம், அந்தத் தகவல் உங்களிடம் வராது. பல டிஸ்ட்ரோக்களின் பாதுகாப்புக் குழுக்கள் சேர்ந்து வைத்திருக்கும் மூடிய மின்னஞ்சல் பட்டியல் ஒன்று உண்டு, அங்கேயே ஒரு ஓட்டையை அதிகபட்சம் 14 நாள்தான் மூடி வைக்கலாம் என்பது விதி. ஆவணம் எழுதுகிறவர்கள் அதற்குள் இல்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அறிவிப்பு வெளியாகும் நாளில்தான் உங்கள் வேலை தொடங்கும். ஒரே ஒரு விஷயம்: சோதிக்கும்போது நீங்களே ஏதாவது ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் அதைப் பொதுவான பக் டிராக்கரில் போடாதீர்கள், திட்டத்தின் பாதுகாப்பு முகவரிக்குத் தனியாக அனுப்புங்கள். அந்த முகவரி எங்கே இருக்கிறது என்று கையேட்டில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் உங்கள் முதல் திருத்தம் அதுதான்.

அறிவிப்பு வந்த நாளில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு 2024 ஜூலையில் நடந்ததைச் சொல்லலாம். ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ரெக்ரெஷ் என்று பெயர் வாங்கிய ஓட்டை வந்தது, 2006-இல் அடைத்த ஒன்று 2020-இல் ஒரு மாற்றத்தின்போது திரும்பத் திறந்துகொண்டது. பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட முடியாதவர்களுக்கு உடனடி மாற்றுவழி, லாகின் செய்யக் கொடுக்கும் அவகாச நேரத்தைப் பூஜ்ஜியம் என்று வைப்பது. பூஜ்ஜியம் என்றால் அவகாசமே இல்லை என்று பொருள் இல்லை, கெடுவே இல்லை என்று பொருள். ஓட்டை அடைபடும், ஆனால் எவனோ ஒருவன் லாகின் செய்யாமலே இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு இடம் முழுவதையும் அடைத்துவிடலாம், அப்போது நீங்களே உள்ளே போக முடியாது. நிறைய இடங்களில் முதல் பாதியை மட்டும் எழுதினார்கள். பேட்ச் போட்ட பிறகு பழைய மதிப்புக்குத் திரும்புங்கள் என்ற கடைசி வரியை எழுதியவர்கள் இன்னும் குறைவு. ஒரு மாற்றத்தைச் சொன்னால் அது எதைத் தடுக்கிறது, பதிலுக்கு எதை இழக்கிறோம், எப்போது திரும்ப எடுக்க வேண்டும், மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அதே வாரம் எங்களுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றே ஒன்றுதான்: 'அப்டேட் செய்துவிட்டேன், ஆனால் ஸ்கேனர் இன்னும் ஓட்டை இருக்கிறது என்கிறது.' டெபியன் 12-இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் எண் அப்டேட்டுக்கு முன்பும் 9.2, பின்பும் 9.2. புதிய பதிப்பைக் கொண்டுவராமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் எடுத்து வைப்பதுதான் நிலையான வெளியீடுகளின் வழக்கம், மாறுவது பின்னால் ஒட்டியிருக்கும் டிஸ்ட்ரோவின் திருத்த எண் மட்டும். ஸ்கேனர் முன்பாதியை மட்டும் படித்துவிட்டுக் கத்துகிறது. இதை விளக்கி ஒரு பக்கம், எந்த எண்ணை எங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது என்று செய்துகாட்டி, உங்களைப் போன்ற ஒருவர் எழுதிவிட்டால் எங்கள் குழுவுக்கு எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று சொல்லி முடியாது. இதற்கு நிபுணர் தேவையில்லை, அந்தக் குழப்பத்தில் ஒருமுறை மாட்டியவர் தேவை.

மேன்பக்கம்

நெடுநாள்வாசி சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான், ஒன்றை மட்டும் இன்னும் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். டிஎஸ்ஏவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இப்போது நல்ல அல்காரிதங்கள் இவை' என்று புதிய பட்டியல் போடாதீர்கள். பட்டியலே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். சாவிப் பரிமாற்ற அல்காரிதங்கள், சைஃபர்கள் (குறியாக்க முறைகள்) என்று நீளமான வரிகளை அப்படியே ஒட்டச் சொல்லும் கையேடுகள் ஒரு காலத்தில் நிறைய வந்தன, எழுதியவர்கள் அக்கறையோடுதான் எழுதினார்கள், அன்றைய தேதிக்கு அவை சரியாகவும் இருந்தன. ஓப்பன்எஸ்எஸ்எச் 2022-இல் 9.0 பதிப்பில், எதிர்காலத்தில் குவாண்டம் கணினி வந்தாலும் இன்று பதிவுசெய்து வைத்த உரையாடலை உடைக்க முடியாதபடி ஒரு சாவிப் பரிமாற்ற முறையை இயல்பாக்கியது. எதையும் தொடாதவர்களுக்கு அது தானாக வந்து சேர்ந்தது. பழைய பட்டியலை ஒட்டியவர்களுக்கு வரவில்லை, அவர்கள் எத்தனை முறை அப்டேட் செய்தாலும் ஒட்டிய நாளிலேயே நிற்கிறார்கள். இயல்பு அமைப்பைத் தொடாதீர்கள், தொட்டே ஆக வேண்டும் என்றால் வேண்டாததைக் கழிக்கும் வடிவத்தில் எழுதுங்கள், முழுப் பட்டியலாக எழுதாதீர்கள்.

நான் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் பக்கம் இருப்பவன். அங்கே மேன் பேஜில் (கமாண்டோடு சேர்ந்தே வரும் விளக்கப் பக்கத்தில்) தப்பு இருந்தால் அது நிரலில் தப்பு இருப்பது மாதிரியே ஒரு பக், ஒருவர் நிரலின் நடத்தையை மாற்றினால் மேன் பேஜும் கூடவே மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். கையேடு வேறொரு ரெப்போவில், வேறு ஆட்களிடம் இருக்கும் இடங்களில் இது நடப்பது கடினம், அதனால்தான் உங்கள் கையேடு இப்படிப் பின்தங்கியிருக்கிறது, யாருடைய அலட்சியமும் இல்லை. எனவே ஒவ்வொரு தெரிவும் என்ன செய்யும் என்பதை மேன் பேஜுக்கே விட்டுவிடுங்கள், அதை நகலெடுத்தால் ஒரு வருடத்தில் இரண்டும் இரண்டு கதை சொல்லும். எதை முதலில் செய்வது, ஏன் செய்வது, செய்தது பலித்ததா என்று எப்படிப் பார்ப்பது, இதெல்லாம் மேன் பேஜில் இருக்காது. கையேட்டின் இடம் அது.

அல்லிக்குளம்

எஸ்இலினக்ஸ் (எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கு) அத்தியாயம் இருக்கிறதா உங்கள் கையேட்டில்? இருந்தால் தயவுசெய்து அதை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2000-இல் வெளியிட்டு, 2003-இல் லினக்ஸின் 2.6 கெர்னலோடு எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கிய ஒன்று, இத்தனை வருடம் கழித்தும் அதைப் பற்றி எங்கே கேட்டாலும் வரும் முதல் பதில் 'அணைத்துவிடு' என்பதாக இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் வெப்சைட் விழுந்து கிடக்கும்போது, கொள்கை, வகை, லேபிள் என்று பத்துப் பக்கம் கோட்பாட்டோடு தொடங்கும் அத்தியாயத்தை யாரால் படிக்க முடியும்?

நான் பார்த்த வரையில் திரும்பத் திரும்ப வரும் ஒரே சிக்கல் இது. ஒருவர் வீட்டு டைரக்டரியில் கோப்பை உருவாக்கி, அதை வெப் சர்வரின் டைரக்டரிக்கு நகர்த்துகிறார். நகர்த்தும்போது எஸ்இலினக்ஸ் அந்தக் கோப்பில் ஒட்டியிருந்த பழைய லேபிளும் கூடவே வந்துவிடும், நகலெடுத்திருந்தால் புதிய இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் வெப் சர்வரால் அந்தக் கோப்பைப் படிக்க முடியாது. ரீஸ்டோர்கான் என்ற ஒரு கமாண்டை அந்த டைரக்டரிக்குக் கொடுத்தால் தீர்ந்தது. அத்தியாயத்தின் முதல் பத்தி இதுவாக இருக்கட்டும்: ஆடிட் பதிவில் மறுப்பு எப்படித் தெரியும், லேபிளை எப்படிப் பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது. அது தீராவிட்டால் பூலியன்களை (எஸ்இலினக்ஸின் ஆன்-ஆஃப் தெரிவுகளை) பார்ப்பது. கோட்பாட்டைப் பின்னால் வையுங்கள், சிக்கல் தீர்ந்த பிறகு மனிதர்களுக்கு அதைப் படிக்கும் பொறுமை வரும்.

இன்னொன்று, மொழிபெயர்ப்புகள். மூலத்தில் ஒரு ஆபத்தான கமாண்டை எடுத்துவிட்டு, ஏழெட்டு மொழிகளில் அது அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரிய திருத்தம் செய்தால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கருந்திரை

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. எஸ்எஸ்எச் அத்தியாயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம்: ஆர்ச் லினக்ஸின் ஆவணத் தளமான ஆர்ச் விக்கியில் சில பத்திகள் அருமையாக இருக்கின்றன, மூலத்தைக் குறிப்பிட்டு அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் கையேடு கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இருக்கிறது.

மேன்பக்கம்

கூடாது. ஆர்ச் விக்கி குனூ கட்டற்ற ஆவண உரிமம் 1.3-இல் இருக்கிறது, இரண்டும் கட்டற்றவைதான், ஆனால் ஒன்றின் உரையை இன்னொன்றில் கலக்க முடியாது. படித்துப் புரிந்துகொண்டு, மெஷினில் செய்துபார்த்து, உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். எப்படியும் சோதிக்கத்தானே போகிறீர்கள்.

கருந்திரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். புதிதாக நிறுவிய விர்ச்சுவல் மெஷின் ஒன்று, கிளவுட் இமேஜிலிருந்து எடுத்தது ஒன்று, இரண்டிலும் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து செய்துபார்த்தேன். டிஎஸ்ஏ பகுதியை எடுத்தாயிற்று, அல்காரிதப் பட்டியலும் போயிற்று.

நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன். கடவுச்சொல் லாகினை அணைக்க முதன்மை அமைப்புக் கோப்பில் ஒரு வரியை 'இல்லை' என்று மாற்றச் சொல்கிறது கையேடு. முதல் மெஷினில் வேலை செய்தது. கிளவுட் இமேஜில் மாற்றி, சர்வீஸை மறுபடி தொடங்கி, வேறொரு மெஷினிலிருந்து நுழைந்து பார்த்தால் கடவுச்சொல் கேட்கிறது, கொடுத்தால் உள்ளே விடுகிறது! எழுத்துப் பிழையோ என்று நாலு தடவை பார்த்தேன். காரணம் இதுதான்: கோப்பின் தலையிலேயே ஒரு துணை டைரக்டரியை உள்ளே இழுக்கும் வரி இருக்கிறது, அந்த டைரக்டரியில் கிளவுட்-இனிட் (கிளவுட் மெஷினை முதல் தடவை அமைத்துத் தரும் நிரல்) ஒரு குட்டிக் கோப்பை வைத்து அதே தெரிவுக்கு 'ஆம்' என்று எழுதியிருக்கிறது, ஓப்பன்எஸ்எஸ்எச் ஒரு தெரிவுக்கு முதலில் பார்க்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். கீழே நான் எழுதிய 'இல்லை'யை அது கண்டுகொள்ளவே இல்லை. கையேட்டை நம்பிக் கடவுச்சொல்லை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. என் வேலையிடத்துச் சர்வர்களை அன்றைக்கே போய்ப் பார்த்தேன், இரண்டில் அப்படித்தான் இருந்தது.

இப்போது அந்தப் பகுதியில், மாற்றிய பிறகு எஸ்எஸ்எச்டிக்கு (எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரலுக்கு) பெரிய டி தெரிவு கொடுத்து நிஜமாக அமலில் இருக்கும் மதிப்புகளைப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், எந்த இரண்டு இமேஜில் சோதித்தேன் என்பதும் இருக்கிறது. ரிவ்யூ செய்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்: இருக்கும் லாகினை மூடாமல் இன்னொரு டெர்மினலில் நுழைந்து பார்க்கச் சொன்னீர்களா? சொல்லவில்லை. சேர்த்தேன், நேற்று ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது ஃபயர்வால், ஐபிடேபிள்ஸிலிருந்து அதன் இடத்துக்கு வந்த என்எஃப்டேபிள்ஸுக்கு முழுவதுமாக மாற்ற வேண்டும். நெடுநாள்வாசி, வரைவை இந்த வார இறுதியில் அனுப்புகிறேன், விதிகளை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கும் பகுதியை மட்டும் நீங்கள் ஒரு தடவை தொலைவிலிருக்கும் மெஷினில் செய்து பார்த்துச் சொல்ல முடியுமா?

நெடுநாள்வாசி

அனுப்புங்கள். அதற்கென்றே ஒரு மெஷினைத் தயாராக வைக்கிறேன்.